கேமரா டெஸ்ட் தண்டச் செலவா?

கேள்வி: ஆறு நாளில் ஒரு குறும்படம் எடுக்கப் போகிறோம். வாடகை கேமராவை ஒரு நாள் முன்னதாகவே எடுத்து டெஸ்ட் பார்க்க வேண்டும் என்கிறார் ஒளிப்பதிவாளர். கடையில் பார்த்துத்தானே கொடுப்பார்கள்? ஒரு நாள் வாடகை தண்டம்தானே?
- ஒரு வாசகர், தேனி

பதில்: கடையிலும் பார்ப்பார்கள். நானும் அப்படி நம்பித்தான் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். ஃபிலிம் காலம், நான் ஃபோகஸ் புல்லர், அதாவது நடிகர் நிற்கும் தூரத்தை அளந்து லென்ஸில் அதே தூரத்தை வைக்கும் ஆள். அவசரத்தில் லென்ஸ் பெட்டியைத் திறக்காமலே வண்டியில் ஏற்றிவிட்டோம். ராத்திரிக் காட்சி, அப்பர்ச்சர் (லென்ஸுக்குள் வெளிச்சம் வரும் துவாரம்) முழுசாகத் திறந்திருக்கிறது. டேப் பிடித்தேன், ஆறடி. லென்ஸிலும் ஆறடி வைத்தேன். லேபிலிருந்து பிரிண்ட் வர மூன்று நாள். போட்டுப் பார்த்தால் நாயகியின் கண் மசங்கல், பின்னலில் இருந்த மல்லிகைப்பூ மட்டும் பளிச்! திட்டு எனக்குத்தான்.

பி.எல். மவுன்ட் என்பது சினிமா கேமராவில் லென்ஸை மாட்டும் ஒரு வகை வளையம். அதில் லென்ஸ் உட்காரும் இடத்திலிருந்து ஃபிலிமோ, டிஜிட்டலில் ஃபிலிமுக்குப் பதிலாக இருக்கும் சென்சாரோ சரியாக 52 மி.மீ. தூரத்தில் இருக்க வேண்டும். ஒரு தலைமயிரின் பருமன் பிசகினாலும் வைட் லென்ஸில் (அகலமாகக் காட்டும் லென்ஸ்) எழுதியிருக்கும் தூர அளவு பொய் சொல்லும். அதனால் சுவரில் ஒரு சார்ட் (ஃபோகஸ் பார்க்கக் கோடுகள் அச்சடித்த தாள்) ஒட்டுங்கள். சார்ட் இல்லையா, செய்தித்தாள் போதும். அப்பர்ச்சரை முழுசாகத் திறந்து, ஒவ்வொரு லென்ஸாக, டேப் அளவும் லென்ஸ் காட்டும் அளவும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அப்புறம் கேமரா அரை மணி நேரம் ஓடிச் சூடானதும், லென்ஸை மூடி ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். கறுப்பில் வெள்ளைப் புள்ளி மின்னினால் கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

இதெல்லாம் அரை நாள் வேலை. மீதி அரை நாளை நீங்கள் படமெடுக்கப் போகும் வீட்டில் செலவழியுங்கள், என்னைக் கேட்டால் அதுதான் முக்கியம். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் வைத்த டியூப்லைட் நொடிக்கு நூறு தடவை கூடிக் குறையும். நொடிக்கு 24 ஃபிரேமில், ஒரு ஃபிரேமில் எவ்வளவு நேரம் வெளிச்சம் விழ வேண்டும் என்பதை வைக்கும் ஷட்டரை 172.8 டிகிரியில் வைத்தால் ஒரு ஃபிரேமுக்கு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் கிடைக்கும். அதற்குள் டியூப்லைட் சரியாக இரண்டு தடவை கூடிக் குறைந்துவிடுவதால் துடிப்பு தெரியாது. மலிவான எல்.இ.டி. பல்புக்கு, அதுவும் டிம்மர் போட்டிருந்தால், இந்தக் கணக்கு செல்லாது. அங்கேயே எரியவிட்டு எடுத்துப் பார்த்தால்தான் உண்டு.

நடிகர்களை மேக்கப்போடு, படத்தில் போடும் அதே சட்டையில் வரச் சொல்லுங்கள். பொடிக் கட்டம் போட்ட சட்டையில் வானவில் மாதிரி அலை ஓடும். சில கறுப்புத் துணி, வெயிலுக்காகக் கனமான என்.டி. ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி) போட்டதும் காவி கலந்த பழுப்பாகிவிடும். சட்டையை மாற்ற அன்றைக்கு முடியும், படப்பிடிப்பின் மூன்றாம் நாள் முடியாது. எடுத்ததை மானிட்டரில் பார்த்துத் திருப்திப்படாமல், படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் கலரிஸ்ட்டிடம் கொடுத்து ஒரு பெரிய திரையில் பாருங்கள். வாடகையைப் பொறுத்தவரை, கடையிலேயே ஓரமாக டெஸ்ட் பார்க்க இடம் கேளுங்கள். பல இடங்களில் தருவார்கள்.

கேள்வி: செல்போனில் எடுத்தால் இந்தத் தொல்லை இல்லையே?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: வேறு தொல்லை உண்டு. வெளிச்சம் குறைந்தால் சில போன்கள் நம்மைக் கேட்காமலே, தூரத்தில் இருப்பதைக் கிட்டக் காட்டும் டெலி லென்ஸை விட்டு வேறு லென்ஸுக்குத் தாவிவிடும். எக்ஸ்போஷரையும் (வெளிச்ச அளவு) ஒயிட் பேலன்ஸையும் (நிற அளவு) தானாக மாறாதபடி பூட்டிவைத்து எடுங்கள். முந்தின நாள் உச்சி வெயிலில் நிறுத்தி, சூடாகி அணைவதற்குள் எத்தனை நிமிடம் ஓடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.