பனங்காட்டுக் குறும்படத்துக்கு ஒரு நிமிட ட்ரெய்லர்: தலைப்பு முதல் ஷூட்டிங் வரை

கேள்வி: பாளையங்கோட்டையில் விஸ்காம் படிக்கிறேன். உடன்குடிப் பக்கம் ஒரு பனையேறியை வைத்து 12 நிமிடக் குறும்படம் எடுக்கிறோம். பெயர் 'கோடைக் கலயம்'. அதற்கு முன் ஒரு நிமிட ட்ரெய்லர் தர வேண்டும். மொபைல், ட்ரைபாட், ஒரு காலர் மைக் இருக்கின்றன. சோதனையாக எடுத்ததில் வானம் வெளுத்து முகம் கறுத்துவிட்டது, காற்று இரைச்சலில் பேச்சு கேட்கவில்லை. எடிட்டிங்கில் தலைப்பை அடித்தால் எழுத்து உடைகிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் தலைப்பை முடிவு செய்யுங்கள், பிறகு கேமராவை எடுங்கள். ட்ரெய்லர் பார்த்தவர் மனதில் தங்க வேண்டியது அந்தப் பெயர்தான். அது எந்த ஷாட்டில், ஃபிரேமின் எந்தப் பக்கம் வரும் என்று முன்பே தெரிந்தால்தான் அங்கே இடம் விட்டு எடுக்க முடியும். எடுத்த பிறகு இடம் தேடினால் பெயர் ஓலைக்கொத்தின் மேல் போய் விழும்; ஓலை நுனிகளோடு எழுத்தும் பின்னிக்கொள்ளும். பனையை ஃபிரேமின் ஓரத்தில் ஒதுக்கி, மூன்றில் இரண்டு பங்கு வெறும் வானமாக, அசையாத ட்ரைபாடில் 15 விநாடி எடுத்து வையுங்கள்.

எழுத்து உடைவதற்குக் காரணம், எழுத்துகளைக் கோத்துக் காட்டும் சாஃப்ட்வேரின் டெக்ஸ்ட் எஞ்ஜின். 'கோ'வின் கொம்பும் காலும் பிரிந்து நிற்பதும், 'டை'யின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போவதும் அதனால்தான். பிரீமியர் என்றால் பிரிஃபரன்சஸில் கிராஃபிக்ஸ் பகுதிக்கும், ஆஃப்டர் எஃபெக்ட்ஸின் பழைய பதிப்பு என்றால் டைப் பகுதிக்கும் போய் 'சவுத் ஏஷியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன்' எஞ்ஜினைத் தேர்ந்தெடுங்கள். பிறகு புதிய டெக்ஸ்ட் லேயரில் அடித்துப் பாருங்கள். மொபைல் ஆப்பில் எடிட் செய்தால் மல்லுக்கட்ட வேண்டாம். இலவசமாகக் கிடைக்கும் இன்க்ஸ்கேப்பில் நோட்டோ செரிஃப் தமிழ், முக்தா மலர், கவிவனார் போன்ற யூனிகோடு எழுத்துருவில் அடித்து, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாக எடுத்து, வீடியோவின் மேல் ஒட்டிவிடுங்கள். ஃப்ளெக்ஸ் கடையில் வடிவமைத்து வாங்கினால், எழுத்தை கர்வ்ஸாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமாக, மாற்றித் தரச் சொல்லுங்கள். அங்கே பழைய எழுத்துருக்களில் அடித்திருக்கலாம். அது இல்லாத கணினியில் பெயர் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும்.

எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியை இழுத்து விரிக்கும் ஆங்கில போஸ்டர் பாணி தமிழுக்கு ஒத்துவராது. 'கா'வின் கால் தனியே நின்றுவிடும். ஒவ்வோர் எழுத்தாக வந்து விழும் அனிமேஷனிலும் இதே கோளாறுதான். சொல் சொல்லாக வரவையுங்கள், அல்லது மொத்தமாக மெல்லத் தெளியவிடுங்கள்.

இந்தப் படத்துக்கு என் தேர்வு கணினி எழுத்துரு அல்ல, ஓலை. பதப்படுத்திய பனையோலையில் எழுத்தாணியாலோ கூரான ஆணியாலோ தலைப்பைக் கீறுங்கள். கீறியதும் எழுத்து கண்ணுக்கே தெரியாது. விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்துத் தடவி, துணியால் துடைத்தால் கரி கீறலுக்குள் மட்டும் தங்கி எழுத்து எழும்பி வரும். அந்தத் துடைப்பையே ஒரே ஷாட்டாக எடுங்கள். தலைப்பு பார்ப்பவர் கண்முன்னே பிறக்கும். வெளிச்சம் தாழ்வாக ஒரு பக்கத்திலிருந்து வரட்டும், நேர் எதிரே வந்தால் ஓலை பளபளத்து எழுத்தை விழுங்கும். பழைய சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இராது, நீங்கள் புள்ளியை விட்டுவிடாதீர்கள். புள்ளியை ஆழமாகக் குத்தினால் ஓலை கிழியும், மெல்லச் சுழற்றுங்கள்.

முகம் கறுத்ததற்குக் காரணம், மொபைல் வானத்தைப் பார்த்து வெளிச்சத்தை அளந்ததுதான். முகத்தில் விரல் வைத்து அழுத்தி எக்ஸ்போஷரைப் பூட்டுங்கள். வானம் கொஞ்சம் வெளுத்தாலும் பரவாயில்லை. சூரியன் எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் இரண்டும் ஓரளவு சமமாக இருக்கும். பனையேறியும் காலையில் அந்த நேரத்தில் மரமேறுவார். ஒயிட் பேலன்ஸை 5600 கெல்வினில் நிறுத்துங்கள். தேரிக்காட்டுச் செம்மண் வெளிச்சத்தைத் திருப்பி முகவாய்க்கட்டையில் செந்நிறம் பூசும். ஆட்டோவில் விட்டால் மொபைல் அதைத் திருத்தப்போய் ஷாட்டுக்கு ஷாட் நிறம் மாறும்.

விநாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப்லைட்டுக்கு அடியிலும் திரை துடிக்காது. ஆனால் உச்சி வெயிலில் 1/50 வைத்தால் படம் வெள்ளையாகிவிடும். மொபைலின் எஃப் 1.8 லென்சுக்கு வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி 64 ஃபில்டர் வேண்டியிருக்கும். அது இல்லையென்றால் நடுப்பகலில் எடுக்காதீர்கள்.

பனையேறியை ஒன்ஸ் மோர் கேட்டு மரமேற்றாதீர்கள். உயிரைப் பணயம் வைத்துச் செய்யும் தொழில் அது. காலையிலும் மாலையிலும் அவர் தானாகவே ஏறுவார். காலையில் தூரத்திலிருந்து டெலி லென்ஸில் முழு உருவம், மாலையில் தளநார் (ஏறும்போது கால்களைப் பிணைக்கும் நார் வளையம்) மாட்டிய கால், தண்டைப் பற்றும் கை என்று பிரித்துக்கொள்ளுங்கள். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவுவது, பாளை சீவும் அரிவாளைத் தீட்டுவது எல்லாம் தரையில் நடப்பவை. க்ளோசப்புக்கு அவைதான் பொன்.

காற்றுக்கு மைக்கின் மேல் ரோம உறை போடுங்கள், வெறும் பஞ்சு போதாது. எடிட்டிங்கில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஓசையை வெட்டுங்கள். ஆனி, ஆடிக் காற்றுக்கு இதுவும் தாங்காது. அப்போது பேச்சை, கருப்பட்டி காய்ச்சும் ஓலைக் குடிசையான விடிலிக்குள் அவரை உட்காரவைத்து எடுங்கள். ஓலைச்சுவர் எதிரொலி தராது, அடுப்பு மட்டும் அணைந்திருக்க வேண்டும். பாளை சீவும் 'சரக்' ஓசையைத் தனியாக, கையெட்டும் தூரத்தில் பதிவு செய்யுங்கள். கறுப்புத் திரையில் அந்த ஓசையோடு ட்ரெய்லர் தொடங்கட்டும். கதை சொல்ல முயலாதீர்கள். 20 ஷாட் போதும், 50-ஆவது விநாடியில் தலைப்பு, அது 4 விநாடி நிற்கட்டும்.

மொபைல் வீடியோவில் ஃபிரேம் வேகம் நிலையாக இராது. தனியே பதிந்த குரல் போகப்போக உதட்டை விட்டு விலகும். எடிட்டுக்கு முன்பே ஹேண்ட்பிரேக் என்ற இலவச சாஃப்ட்வேரில் மாறாத 25 ஃபிரேமாக்கிக்கொள்ளுங்கள்.

முடிந்த ஃபைலைத் திரையிடப்போகும் அரங்கின் புரொஜக்டரிலேயே ஒருமுறை ஓட்டி, கடைசி வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் ஓலை எழுத்து மங்கினால் கான்ட்ராஸ்டைக் கூட்டுங்கள். தலைப்பு விளிம்பை ஒட்டி நின்றால் உள்ளே நகர்த்துங்கள். 1920 பிக்சல் அகலத்தில் இருபுறமும் 96 பிக்சல் விட்டிருக்க வேண்டும்.