கர்ல் பில்ட்: வேண்டாததை வெளியே நிறுத்துவது எப்படி?

கர்ல் என்பது இணையத்தில் தரவை எடுக்கவும் அனுப்பவும் உதவும் கட்டளைவரி நிரல். அதை சோர்ஸிலிருந்து (மூல நிரலிலிருந்து) பில்ட் செய்பவர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

கேள்வி: சார், சின்ன ரூட்டரில் ஓட்ட எச்டிடிபிஎஸ் மட்டும் போதும். டெல்நெட், பாப்3 போன்ற மற்ற புரோட்டோகால்கள் எல்லாம் தானாகச் சேர்ந்துவிடுகின்றன. எப்படி எடுப்பது?

பதில்: பில்டுக்கு முன் எதைச் சேர்ப்பது என்று முடிவுசெய்யும் ஸ்கிரிப்ட்தான் கன்ஃபிகர். அதை ஓட்டும்போதே ‘--டிசேபிள்-டெல்நெட்’, ‘--டிசேபிள்-பாப்3’ என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிடுங்கள். ‘./கன்ஃபிகர் --ஹெல்ப்’ கொடுத்தால் முழுப் பட்டியலும் வரும்.

கேள்வி: ‘--டிசேபிள்-பிராட்லி’ கொடுத்தேன் அண்ணா. பிழை எதுவும் வரவில்லை, ஆனால் பிராட்லி உள்ளேயே இருக்கிறது!

பதில்: பலரும் விழும் குழி இது. டிசேபிள் என்பது நிரலின் சொந்த வசதிக்கு. பிராட்லி தரவைச் சுருக்கப் பயன்படும் வெளி லைப்ரரி, அதற்கு ‘--வித்அவுட்-பிராட்லி’ என்று கொடுக்க வேண்டும். ஆட்டோகான்ஃப் என்ற கருவி உருவாக்கும் கன்ஃபிகர், தனக்குத் தெரியாத டிசேபிளைப் பார்த்து நின்றுவிடாது. ஓர் எச்சரிக்கை வரியோடு போய்விடும், ஓடுகிற வரிகளுக்கு நடுவே அது கண்ணில் படாது. அதனால் ‘--எனேபிள்-ஆப்ஷன்-செக்கிங்=ஃபேட்டல்’ என்பதை நான் எப்போதும் சேர்த்துவிடுவேன். எழுத்துப்பிழை இருந்தாலும் அங்கேயே நின்றுவிடும்.

அப்புறம், பில்ட் முடிந்ததும் ‘./எஸ்ஆர்சி/கர்ல் --வெர்ஷன்’ ஓட்டி புரோட்டோகால்ஸ், ஃபீச்சர்ஸ் வரிகளைப் பாருங்கள். வெறும் ‘கர்ல்’ என்று அடித்தால் கணினியில் ஏற்கெனவே இருக்கும் பழைய கர்ல் பதில் சொல்லிவிடும்.

கேள்வி: லேப்டாப்பில் பில்ட் செய்ததை சர்வரில் போட்டால் இசட்எஸ்டிடி என்ற தரவுச் சுருக்க லைப்ரரி இல்லை என்கிறது. நான் அதைக் கேட்கவே இல்லையே?

பதில்: கேட்கவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சேர், சேர்க்காதே என்பவற்றுக்கு நடுவே ‘இருந்தால் சேர்’ என்று மூன்றாவது நிலை ஒன்று உண்டு. உங்கள் லேப்டாப்பில் அந்த லைப்ரரியின் ஹெடர் கோப்புகள் இருந்தன, கன்ஃபிகர் எடுத்துக்கொண்டது. ஒரே சோர்ஸ் இரண்டு கணினிகளில் இரண்டு விதமாக வருவது இதனால்தான். பில்ட் ஸ்கிரிப்ட்டில் வேண்டியதை மட்டுமல்ல, ‘--வித்அவுட்-இசட்எஸ்டிடி’ என்று வேண்டாததையும் எழுதி வையுங்கள்.

கேள்வி: லிப்பிஎஸ்எல் என்ற லைப்ரரி இல்லை என்று கன்ஃபிகர் நின்றுவிடுகிறது. அதற்கும் வித்அவுட் போட்டுவிடலாமா?

பதில்: குக்கி பயன்படுத்துவதாக இருந்தால் தயவுசெய்து வேண்டாம். ஒரு தளம் ‘கோ.இன்’ போன்ற பொது முடிவுக்கே குக்கி வைத்து, அந்த முடிவுள்ள மற்றத் தளங்களுக்கெல்லாம் அது போவதைத் தடுப்பது இந்த லைப்ரரிதான். அதன் டெவலப்மென்ட் பேக்கேஜை நிறுவிக்கொள்ளுங்கள். குக்கியே தேவையில்லை என்றால் சரி, ‘--டிசேபிள்-குக்கீஸ்’ சேர்த்து குக்கி, லிப்பிஎஸ்எல் இரண்டையும் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: ஆப்ஷனை மாற்றினால், பில்டைச் செய்யும் ‘மேக்’ கட்டளையை மட்டும் மறுபடி கொடுத்தால் போதுமா?

பதில்: கன்ஃபிகரை மறுபடி ஓட்டி, ‘மேக் கிளீன்’ கொடுத்து பழைய பில்ட் கோப்புகளை அழித்துவிட்டு ‘மேக்’ செய்யுங்கள். முன்பு என்ன கொடுத்தோம் என்பது மறந்திருந்தால், கன்ஃபிகரை மறுபடி ஓட்டுவதற்கு முன் ‘கன்ஃபிக்.லாக்’ கோப்பைத் திறந்து பாருங்கள். தொடக்கத்திலேயே முழுக் கட்டளையும் இருக்கும்.