டர்போ வண்டியில் பானட் சூடு: கேட்டவர்களுக்குப் பதில்

அக்னி நட்சத்திரம் பிறந்தாலே எனக்கு வருகிற கேள்விகள் எல்லாம் பானட்டைத் திறந்துகொண்டுதான் வருகின்றன. வந்தவற்றை இங்கே மொத்தமாகப் போட்டுப் பதில் சொல்கிறேன். கார் மட்டும்தான், பைக் வேண்டாம். ஒன்றை மட்டும் முதலிலேயே பிரித்துக்கொள்ளுங்கள். கூலண்ட் கொதிப்பது வேறு, பானட்டுக்குள் காற்று வேகிறது வேறு. முதலாவதற்கு ரேடியேட்டர், ஃபேன், பம்ப் பக்கம் பாருங்கள். இரண்டாவதற்கு டர்போவும் எக்ஸாஸ்ட்டும்தான் காரணம். டர்போ என்பது வெளியேறுகிற புகையின் வேகத்தில் சுற்றி எஞ்சினுக்குக் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளுகிற சாமான். பாதிப் பேர் ஒன்றுக்கு மருந்தை வாங்கி இன்னொன்றுக்குப் போடுகிறீர்கள்.

வள்ளியூரிலிருந்து: அண்ணாச்சி, என்னுடையது டர்போ பெட்ரோல். நெல்லையிலிருந்து நாலுவழிச் சாலையில் விரட்டி வந்து வீட்டில் நிறுத்தினால் பானட் மேல் கை வைக்க முடியவில்லை. டர்போவுக்குத் துணி மாதிரி ஒன்று சுற்றுகிறார்களே, சுற்றலாமா?

சுற்றுவதற்கு முன்னால் தகடு இருக்கிறதா என்று பாருங்கள் தம்பி. எஞ்சினிலிருந்து புகை வெளியேறுகிற மேனிஃபோல்டையும் டர்போவையும் மூடி கம்பெனியே ஒரு மெல்லிய தகடு போட்டிருக்கும். இரண்டு படலமாக, சிலவற்றில் நடுவே ஃபைபர் வைத்திருக்கும். அதைப் பிடிக்கிற போல்ட் துருப்பிடித்து ஓட்டை பெரிதாகிவிட்டால் வண்டி ஸ்டார்ட் ஆனதும் சிலுசிலுவென்று சத்தம் வரும். சத்தம் வருகிறது என்று போனால் பட்டறையில் அதைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டு, "சரியாப் போச்சு, எடுத்துட்டுப் போங்க" என்பார்கள். சத்தம் போய்விடும், சூடு வந்துவிடும். கிழிந்த ஓட்டைக்கு அகலமான வாஷர் போட்டாலே தகடு நிற்கும், நூறு ரூபாய்கூட ஆகாது.

தகடு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், பெட்ரோல் டர்போவை அழுத்தி ஓட்டும்போது எக்ஸாஸ்ட் வாயு 900 டிகிரியைத் தாண்டும். டர்போவில் புகை சுழற்றுகிற டர்பைன் பக்கத்துக் கூடு சிவந்தே போகும். அந்த நிலையில் சூடு காற்று வழியாகப் போவதைவிட வெயில் அடிப்பதுபோல நேராகப் பாய்வதுதான் அதிகம். இப்படிப் பாய்கிற சூடு கெல்வின் கணக்கில் வெப்பநிலையின் நாலாம் மடியாக ஏறும். அதனால் இடையில் பளபளப்பான ஒரு தகடு நின்றாலே பெரும்பகுதி திரும்பிவிடும். ஆனால் தகடு டர்போவில் ஒட்டக்கூடாது, ஒரு விரல் இடைவெளி வேண்டும். அந்த இடைவெளியில் ஓடுகிற காற்றுதான் மிச்சச் சூட்டைக் கொண்டுபோகும்.

சரி, இனி துணி. டர்போ பிளாங்கெட் என்று வருவது டர்பைன் பக்கத்துக்கு மட்டும். நடுவில் பேரிங் இருக்கிற பகுதியையோ காற்றை அழுத்துகிற கம்ப்ரஸர் பக்கத்தையோ மூடாதீர்கள். நாடா மாதிரிச் சுற்றுகிறதை, டர்போவிலிருந்து புகை கீழே போகிற டவுன்பைப்புக்குச் சுற்றலாம், வார்ப்பிரும்பு மேனிஃபோல்டுக்கு வேண்டாம். சூடு வெளியேற வழியில்லாமல் மேனிஃபோல்ட் வெடிப்பு விடும், நாடா மழை ஈரத்தைப் பிடித்துவைத்துப் பைப்பை அரிக்கும். இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. வால்வு கவரிலோ டர்போ ஆயில் பைப்பிலோ கசிவு இருந்து அந்த நாடா ஆயிலைக் குடித்தால் வண்டி தீப்பிடிக்கும். கசிவை அடைக்காமல் எதையும் சுற்றக்கூடாது.

தென்காசி: நிறுத்துவதற்கு முன் எவ்வளவு நேரம் ஐட்லிங் விட வேண்டும்?

புளியரை மலை ஏறி வந்து உடனே நிறுத்தினால், அல்லது நாலுவழிச் சாலையில் 110-ல் வந்து நேராக டீக்கடையில் நிறுத்தினால், ஒரு நிமிடம். ஊருக்குள் மெதுவாக வந்து வீட்டில் நிறுத்துகிறவர்களுக்குத் தேவையில்லை, கடைசித் தெருவே போதும். டர்போ தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது, அதைத் தாங்குவது ஆயில் படலம். எஞ்சின் நின்றதும் ஆயிலும் நிற்கும். கூட்டில் இருக்கிற சூடு பேரிங்குக்கு ஏறி, அங்கே தேங்கிய ஆயில் கரியாகும். தண்ணீர் ஓடுகிற டர்போவும், நிறுத்திய பிறகும் ஓடுகிற எலெக்ட்ரிக் பம்பும் உள்ள புது வண்டிகளில் இந்தப் பயம் குறைவு.

அம்பாசமுத்திரம்: பானட்டின் பின்பக்கக் கீலில் வாஷர் வைத்துத் தூக்கினால் சூடு வெளியே போகுமாமே?

நிற்கும்போது போகும். ஓடும்போது கண்ணாடியின் அடியில் காற்றழுத்தம் கூடுதலாக இருக்கும், அங்கே இடைவெளி விட்டால் காற்று உள்ளேதான் வரும். அதோடு, தூக்கினால் பானட் சரியாக உட்காராது. வேண்டாம். பானட்டை வெட்டித் துளை போடுவதும் வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவும் இன்சூரன்ஸ்காரரும் சேர்ந்து வருவார்கள்.

சங்கரன்கோவில்: என்னுடையது பழைய டர்போ டீசல். நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு அண்ணாச்சி? அது குளிர் நாட்டுக்காரன் சாமான். கழற்றி எறிந்துவிட்டால் சூடே ஏறாது என்கிறார் எங்கள் மெக்கானிக்.

அந்த மெக்கானிக்கைப் பார்த்தால் நான் கேட்டதாகச் சொல்லுங்கள். தெர்மோஸ்டாட் என்பது சூட்டைப் பார்த்துக் கூலண்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடுகிற வால்வு. அது 82 அல்லது 88 டிகிரியில் திறக்க ஆரம்பிக்கும், நூறை நெருங்கும்போது முழுக்கத் திறந்திருக்கும். அதற்கு மேல் அதற்கு வேலையே இல்லை. முழுக்கத் திறந்த பிறகும் கொதிக்கிறது என்றால் குற்றம் ரேடியேட்டரிலோ ஃபேனிலோ. இன்னொன்று, பல எஞ்சின்களில் அது திறக்கும்போதே பைபாஸ் வழியை அடைக்கவும் செய்யும். கழற்றிவிட்டால் கூலண்டில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். அதாவது, எந்த வெயிலுக்குப் பயந்து கழற்றினீர்களோ அந்த வெயிலில்தான் அதிகம் கொதிக்கும்.

பாளையங்கோட்டை, கல்லூரி மாணவன்: பெரிய கூம்பு ஃபில்டர் மாட்டினேன். சத்தம் செமயாக இருக்கிறது, மதியம் மட்டும் இழுவை குறைகிறது.

அடுப்படியில் முகத்தை வைத்து மூச்சு வாங்கினால் அப்படித்தான் இருக்கும். கம்பெனி ஃபில்டர் பெட்டி கிரில்லுக்குப் பக்கத்திலிருந்து வெளிக்காற்றை எடுத்தது, நீங்கள் பானட்டுக்குள் வேகிற காற்றை எடுக்க வைத்திருக்கிறீர்கள். பழைய பெட்டியைத் திரும்ப மாட்டுங்கள். டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கிற இன்டர்கூலரின் துடுப்புகளில் ஈசலும் எருக்கம் பஞ்சும் அடைத்திருக்கும், பின்னாலிருந்து முன்னாலாக மெல்லிய தண்ணீரில் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் கன்னைக் கிட்டே வைத்து அடித்தால் துடுப்பு மடங்கும்.

சங்கரன்கோவில், மறுபடியும்: கழற்றியதும் முள் இறங்கியதைக் கண்ணால் பார்த்தேன் அண்ணாச்சி. பார்த்ததைப் பொய் என்பீர்களா?

பொய் இல்லை. காலி வண்டியில் அறுபதில் போனால் முள் இறங்கத்தான் செய்யும், அதைத்தான் கேடு என்கிறேன். எஞ்சின் முழுச் சூட்டுக்கு வராவிட்டால் டீசல் கூடச் செலவாகும், ஆயிலில் சேரும் ஈரம் ஆவியாகாது. உங்கள் பழைய தெர்மோஸ்டாட் பாதி மூடியபடி சிக்கி நின்றிருக்கும், அதனால்தான் கழற்றியதும் வித்தியாசம் தெரிந்தது. புதிது போட்டிருந்தாலும் அதே பலன்தான். நம்பாவிட்டால் கழற்றியதை ஒரு நூலில் கட்டிப் பாத்திரத் தண்ணீரில் அடியில் படாமல் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். எத்தனை டிகிரியில் திறக்க வேண்டும் என்று அதன் மேலேயே பொறித்திருக்கும். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகும் திறக்கவில்லை என்றால் எனக்குப் படம் அனுப்புங்கள்.

கடையநல்லூர்: அவர் சொல்வது சரிதான். லாரியில் எல்லாம் எடுத்துவிட்டுத்தான் ஓட்டுகிறோம், ஓடத்தானே செய்கிறது?

நீங்களும் வந்தாச்சா. ஓடும். ஓடாது என்று நான் எங்கே சொன்னேன்? இதையெல்லாம் விடுங்கள், கேள்வி பானட் சூடு. தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் டர்பைன் கூட்டின் சூடு ஒரு டிகிரிகூடக் குறையாது, இரண்டும் வேறு வேறு வழி. முதல் பத்தியை வாசித்துவிட்டு வாருங்கள்.

ஏரல்: தாமிரபரணித் தண்ணீர் சுத்தமான தண்ணீர்தானே, ரேடியேட்டரில் ஊற்றலாமா?

குடிக்க ஊற்றுங்கள். வண்டிக்குப் பாதி கூலண்ட், பாதி டிமினரலைஸ்டு தண்ணீர். ராதாபுரம், சாத்தான்குளம் பக்கத்து போர் தண்ணீர் என்றால் கேட்கவே வேண்டாம், சுண்ணாம்பு படிந்து குழாய் அடைத்துவிடும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள். திறக்காதீர்கள்.

ஸ்ரீவைகுண்டம்: தைப்பூசத்துக்குத் திருச்செந்தூர் பாதயாத்திரைக் கூட்டத்தின் பின்னாலேயே ஊர்ந்து போனோம். சூடு ஏறி ஏசியும் நின்றுவிட்டது. மற்ற நாளில் ஒன்றும் இல்லை.

நடை வேகத்தில் போகும்போது முன்னாலிருந்து காற்று வராது, எல்லாம் ஃபேன்தான். கிரில்லில் மாலையோ பேனரோ கட்டியிருந்தீர்களா? கட்டியிருப்பீர்கள். ஐயப்ப சீசனிலும் பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில் போகும்போதும் இதையேதான் பார்க்கிறேன். சாமிக்குக் கட்டுவதைப் பானட் மேல் கட்டுங்கள், கிரில்லை விட்டுவிடுங்கள். அடுத்து, முன்னால் இருக்கிற ஏசி கன்டென்ஸருக்கும் ரேடியேட்டருக்கும் ஓரங்களில் ஃபோம் பட்டை இருக்க வேண்டும். அது உதிர்ந்துபோனால் ஃபேன் வெளித்தள்ளிய சூடான காற்றே சுற்றி வந்து மறுபடி முன்னால் நுழையும். வேகத்தடையில் இடித்து உடைந்த அடிப்பக்க பிளாஸ்டிக் தட்டையும் "எதுக்கு அது" என்று எறிந்திருந்தால் திரும்ப வாங்கிப் போடுங்கள். அதுவும் காற்றை ஒழுங்குபடுத்தத்தான் இருக்கிறது.

சிவகிரி: நிறுத்துவதற்கு முன்னால் எத்தனை நிமிடம்...

மேலே தென்காசி.

களக்காடு: பிஎஸ் 6 டீசல். நிறுத்திய பிறகும் ஃபேன் கத்துகிறது, கருகல் வாடை வருகிறது. டர்போ போய்விட்டதா?

போகவில்லை. டிபிஎஃப், அதாவது டீசல் புகையின் கரியைப் பிடிக்கிற ஃபில்டர், தனக்குள் சேர்ந்த கரியை எரித்துக்கொண்டிருந்தபோது நிறுத்திவிட்டீர்கள். அப்போது அது 600 டிகிரி வரை போகும். பல வண்டிகளில் எஞ்சினை ஒட்டியே இருப்பதால் பானட்டுக்குள் வேகத்தான் செய்யும். அடுத்த முறை இந்த வாடை வந்தால் இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டி முடியவிட்டு நிறுத்துங்கள். அதோடு இதையும் கேளுங்கள். அறுவடை நாளில் சாலையில் கொள்ளுச் செடியும் உளுந்தஞ்செடியும் பரப்பியிருப்பார்கள். அதன் மேல் ஓட்டினால் தட்டை அடியில் சுருண்டு எக்ஸாஸ்ட்டில் சிக்கும், டிபிஎஃப் சூட்டில் பற்றும். ஓரம் கிடைத்தால் விலகிப் போங்கள். முடியாவிட்டால் தாண்டியதும் நிறுத்திக் குனிந்து பார்த்து உருவிப் போடுங்கள். காய்ந்த புல் மேலும் நிறுத்தாதீர்கள்.

முக்கூடல்: பானட்டின் உள்பக்கப் பஞ்சை எலி கடித்துவிட்டது. எடுத்துவிட்டால் சூடு குறையுமா?

பெரிதாகக் குறையாது. அது பெயிண்டையும் சத்தத்தையும் பார்த்துக்கொள்கிறது. எலி அந்தப் பஞ்சையும் தேங்காய் நாரையும் டர்போ பக்கத்தில் கூடு கட்டி வைத்திருக்கிறதா என்று பாருங்கள், அதுதான் அவசரம்.

நாங்குநேரி: லேசர் தெர்மாமீட்டரில் தகடு 70 டிகிரிதான் காட்டுகிறது. தொட்டால் கொப்புளம் வருகிறது.

பளபளப்பான உலோகத்தில் அந்தக் கருவி குறைத்துத்தான் காட்டும். சைலன்சருக்கு அடிக்கிற மேட் கறுப்பு பெயிண்டை ஒரு பொட்டு வைத்து அதன் மேல் குறிவையுங்கள். தொட்டுப் பார்ப்பதை நிறுத்துங்கள். உண்மையில் உதவுவது, வண்டியின் கம்ப்யூட்டரோடு இணைத்துப் படிக்கிற ஓபிடி கருவி. கூலண்ட் சூட்டையும் உள்ளிழுக்கும் காற்றின் சூட்டையும் போனில் பார்க்கலாம். டாஷ்போர்டு முள் பல வண்டிகளில் பெரிய மாற்றம் வரும்வரை நடுவிலேயே நிற்கும், அதை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள்.

சங்கரன்கோவில்: பாத்திரத்தில் போட்டுப் பார்த்தேன். திறக்கவில்லை. ஆனாலும்...

படம் வந்தது. அந்த ஆனாலுமை விட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள். 82 போட்டிருந்தால் 82-தான், குறைந்த எண் தேடாதீர்கள். மாட்டும்போது கேஸ்கெட்டும் புதிது, கூலண்டில் காற்று நிற்காமல் வெளியேற்றச் சொல்லுங்கள்.

ஏசி கேஸ் பற்றிக் கேட்டவர்கள் ஏசிக்காரரிடம் போங்கள். டயர் காற்று கேட்டவர்களுக்குத் தனியாக எழுதுகிறேன்.