செயற்குழு மட்டும் கூடி துணைவிதியை மாற்றினால் செல்லுமா?

வணக்கம் சார். ஏற்காட்டிலிருந்து எழுதியிருக்கிறீர்கள்: ஆசிரியர் சங்கத்தின் செயற்குழு 9 பேர் கூடி, நிர்வாகிகளின் பதவிக்காலத்தை 2 வருடத்திலிருந்து 3 ஆக்கிவிட்டார்கள், செல்லுமா என்று. செல்லாது.

உங்கள் சங்கம் 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவானது என்றால், துணைவிதியைத் திருத்தப் பொதுக்குழுவில் சிறப்புத் தீர்மானம் வேண்டும். வந்திருக்கும் வாக்குரிமையுள்ள உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு ஆதரவு தேவை. 40 பேர் வந்தால் 30. அப்புறம் அதை மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்ய வேண்டும். அதுவரை பழைய விதிதான்.

பெரும்பாலும் சறுக்குவது அழைப்பில்தான். சேலத்தில் நான் இருந்த ஒரு சங்கத்தில் அறிவிப்பின் கடைசி வரியில் "விதித் திருத்தம் மற்றும் இதர" என்று போட்டு ஒட்டினோம். பதிவுக்கு அனுப்பிய மனு திரும்பி வந்தது. மறுபடி கூட்டம், மறுபடி டீ, வடை செலவு! இப்போது தாளை இரண்டாக மடித்து, இடப்பக்கம் பழைய விதி, வலப்பக்கம் புதியது என்று அச்சடித்து, "சிறப்புத் தீர்மானமாகக் கொண்டுவரப்படும்" என்று மேலேயே எழுதி, 21 நாள் முன்பே கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கிறோம்.

கூட்டத்தை மலையிலேயே வையுங்கள். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி யாரும் சேலத்துக்கு வரமாட்டார்கள். ஆதரவு, எதிர்ப்பு எண்ணிக்கையை நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் எண்ணாகவே எழுதுங்கள். "ஏகமனதாக" என்று பழக்கதோஷத்தில் எழுதிவிடாதீர்கள். இப்போதைய நிர்வாகிகளுக்கே நீட்டிப்பா, அடுத்த தேர்தலிலிருந்தா என்பதையும் தீர்மானத்திலேயே சொல்லிவிடுங்கள். சண்டை அங்கேதான் வரும்.