கடலை வேரழுகலுக்கு டிரைக்கோடெர்மா ஏன் கேட்கவில்லை?

கேள்வி: திண்டிவனம் பக்கத்தில் 2 ஏக்கர், கிணற்றுப் பாசனத்தில் நிலக்கடலை. போன மார்கழிப் பட்டத்தில் 40 நாள் பயிர் திட்டுத்திட்டாகக் காய்ந்தது. கார்பெண்டாசிம் என்ற பூஞ்சாணக் கொல்லியைக் கரைத்து வேரில் ஊற்றினேன், நிற்கவில்லை. மூன்றாம் நாள் கடையில் சொன்னபடி டிரைக்கோடெர்மா விரிடி என்ற நுண்ணுயிர்ப் பொடி 2 கிலோ வாங்கித் தண்ணீரில் கலந்து ஊற்றினேன். அதற்கும் கேட்கவில்லை. இந்த நுண்ணுயிர்கள் உண்மையிலேயே வேலை செய்யுமா?

பதில்: வேலை செய்யும். ஆனால் நீங்கள் ஊற்றிய டிரைக்கோடெர்மாவின் பெரும்பகுதியை உங்கள் கார்பெண்டாசிமே கொன்றிருக்கும். டிரைக்கோடெர்மாவும் ஒரு பூஞ்சாணம்தான். நல்லது கெட்டது என்ற பேதம் பூஞ்சாணக் கொல்லிக்குத் தெரியாது. அதிலும் கார்பெண்டாசிம் டிரைக்கோடெர்மாவுக்கு ஆகவே ஆகாது. மண்ணில் சில வாரமாவது தங்கவும் செய்யும்.

டிரைக்கோடெர்மா உயிரோடு இருந்திருந்தாலும் அழுகிப்போன வேரைப் பிழைக்க வைத்திருக்காது. நோய்க்கிருமி வேரைத் தொடுவதற்கு முன்பே அங்கே குடியேறியிருந்தால்தான் அதனால் பயன். ஆகவே வேலை விதைப்புக்கு முன்னால் தொடங்குகிறது.

முதலில் நோய் எது என்று பாருங்கள். காய்கிற செடியைப் பிடுங்கும்போது வேர்ப்பட்டை நார்நாராக உரிந்து, உள்ளே மிளகுத்தூள் தூவியது போலக் கரும்புள்ளிகள் தெரிந்தால் வேரழுகல். காரணம் மேக்ரோபோமினா என்ற பூஞ்சாணம். தூரில் வெள்ளை நூலும் கடுகு போன்ற மணிகளும் இருந்தால் தண்டழுகல். முளைத்த ஒரு மாதத்துக்குள் கழுத்தில் கரும்பொடி படிந்து செத்தால் கழுத்தழுகல். வேரையே காணோம் என்றால் வேர்ப்புழு. அதற்கு டிரைக்கோடெர்மா எதுவும் செய்யாது. நீங்கள் சொல்லும் வயதையும் திட்டுகளையும் வைத்துப் பார்த்தால் வேரழுகலாகத்தான் தோன்றுகிறது. ஆனாலும் பிடுங்கிப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள்.

டிரைக்கோடெர்மா செய்வது கொஞ்சம் முரட்டு வேலை. நோய்ப் பூஞ்சாணத்தின் இழையைக் கொடி போலச் சுற்றிக்கொண்டு, நொதிகளைச் சுரந்து, அதன் சுவரைக் கரைத்து, உள்ளே இருப்பதைச் சாப்பிடுகிறது. ரிச்சர்ட் வெயிண்ட்லிங் என்ற ஆய்வாளர் இதை 1932-லேயே எழுதிவிட்டார். இதே வேலைக்குப் பயன்படும் சூடோமோனாஸ் ஃபுளூரசன்ஸ் என்ற பாக்டீரியாவின் வழி வேறு. வேரைச் சுற்றியுள்ள இரும்புச் சத்தைப் பிடித்துக்கொண்டு கிருமியைப் பட்டினி போடும், நச்சுப்பொருள்களையும் சுரக்கும்.

இனி செய்முறை. ஏக்கருக்கு 50 கிலோ விதைப்பருப்பு என்று வைத்துக்கொண்டால், கிலோவுக்கு 4 கிராம் வீதம் 200 கிராம் டிரைக்கோடெர்மா போதும். ஆறிய வடிகஞ்சியை லேசாகத் தெளித்து, பொடியைத் தூவி, ஈரச் சாக்கில் போட்டு இரண்டு பேர் முனைகளைப் பிடித்துப் புரட்டுங்கள். கையால் தேய்த்தால் கடலையின் சிவப்புத் தோல் உரிந்துவிடும். தோல் போன பருப்பு மண்ணில் அழுகும். அரைமணி நேரம் நிழலில் உலர்த்தி அன்றே விதையுங்கள். சூடோமோனாஸ் என்றால் கிலோவுக்கு 10 கிராம். ஏற்கெனவே மருந்து கலந்து வந்த விதையா என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

அடுத்தது எரு. நீங்கள் செய்யாமல் விட்டதில் முக்கியமானது இதுதான். டிரைக்கோடெர்மாவுக்குத் தீனி வேண்டும், ஈரம் வேண்டும். 1 கிலோ பொடியை 100 கிலோ மக்கிய தொழு உரத்தோடு நிழலில் கலந்து, பிடித்தால் உருண்டை நிற்கிற, ஆனால் சொட்டாத அளவு தண்ணீர் தெளித்து, பாலிதீன் தாளால் மூடுங்கள். நாலு நாளுக்கு ஒருமுறை கிளறினால், ஒரு வாரம் பத்து நாளில் எருவில் பச்சைப் படலம் பரவும். சாணம் மக்காமல் சூடாக இருந்தால் இது நடக்காது. ஏக்கருக்கு 60 கிலோ வேப்பம் புண்ணாக்கோடு சேர்த்து, கடைசி உழவில், சாயங்காலத்தில், ஈர மண்ணில் போடுங்கள். உச்சி வெயிலில் காய்ந்த மண்ணில் தூவுவது வீண் செலவு.

இதெல்லாம் செய்தாலும் நிலம் காய்ந்தால் மேக்ரோபோமினாவின் கைதான் ஓங்கும். சூடும் வறட்சியும் அதற்குக் கொண்டாட்டம். பூக்கும் பருவத்தில் தண்ணீரைத் தள்ளிப்போடாதீர்கள். கடலைக்குப் பின் எள்ளோ உளுந்தோ வேண்டாம். அவற்றையும் அதே பூஞ்சாணம் தாக்கும். வாய்ப்பிருந்தால் ஒரு பட்டம் நெல் போடுங்கள். தண்ணீர் தேங்கினால் அந்தப் பூஞ்சாணத்தின் வித்துகள் குறையும்.

வாங்கும்போது தயாரித்த தேதியைப் பாருங்கள். மூன்று நான்கு மாதம் தாண்டியதையும் வெயில் படுகிற அலமாரியில் வைத்ததையும் நான் வாங்க மாட்டேன். உங்கள் ஊரிலேயே வேளாண் பல்கலைக்கழகத்தின் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. டிஎம்வி கடலை ரகங்களின் பெயரே திண்டிவனத்தின் சுருக்கம்தான். அங்கே ஒருமுறை விசாரியுங்கள்.

அப்புறம், வேலை செய்யுமா என்று கேட்டீர்களே. வரும் பட்டத்தில் ஓரமாக நாலு வரிசையை மட்டும் நேர்த்தி செய்யாத விதையில், எரு போடாமல் விட்டு வையுங்கள். 40-ஆம் நாள் இரண்டு பக்கமும் பத்துப் பத்துச் செடி பிடுங்கி வேரைப் பாருங்கள்.