டெலஸ்கோப் இருக்கட்டும், முதலில் கார்டுக் கடன்!

கேள்வி: ஆம்பூரில் காலணித் தொழிற்சாலை மேற்பார்வையாளராக இருக்கிறேன். வயது 34, சம்பளம் 46,000 ரூபாய். இரவு வானத்தைப் படம் எடுப்பதில் எனக்குத் தீராத ஆர்வம். கேமராவும் 24 மி.மீ. லென்ஸும் வாங்கியதில் கிரெடிட் கார்டில் 1,40,000 ரூபாய் பாக்கி. மாதம் 7,000 தவறாமல் கட்டுகிறேன். வங்கியில் 90,000 ரூபாய் டெபாசிட் உண்டு. 72,000 ரூபாய் ஸ்மார்ட் டெலஸ்கோப்பை அதே கார்டில் 'நோ காஸ்ட் இஎம்ஐ'யாக, அதாவது வட்டியில்லாத் தவணையாக, மாதம் 6,000 வீதம் வாங்கலாமா? மனைவியின் சங்கிலியை அடகு வைத்து ரொக்கமாகவே வாங்கச் சொல்கிறார் மைத்துனர்.

பதில்: இரண்டும் வேண்டாம். 'தவறாமல் கட்டுகிறேன்' என்கிறீர்களே, அந்த 7,000தான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. நீங்கள் அனுப்பிய பில்லில் அது 'குறைந்தபட்சத் தொகை' என்ற வரியில் இருக்கிறது. அதற்கு மேல் வரியில் இருக்கும் மொத்தப் பாக்கியை நீங்கள் பார்ப்பதே இல்லை என்று நினைக்கிறேன்.

மாத வட்டி 3.5 சதவீதம் என்று பில்லிலேயே இருக்கிறது. 1,40,000க்கு வட்டி 4,900. அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 882. ஆக, நீங்கள் கட்டும் 7,000இல் ஏறக்குறைய 5,800 வட்டிக்கே போகிறது. அசலில் குறைவது 1,200 ரூபாய்!

பாக்கியுள்ள கார்டில் 'நோ காஸ்ட்' என்பதற்குப் பொருளே இல்லை. ஒவ்வொரு தவணையும் மாத பில்லில் சேரும். பில்லை முழுதாகக் கட்டாவிட்டால், அந்த 6,000க்கும் இதே வட்டிதான்.

டெபாசிட்டை உடைத்து, அந்தப் பணத்தைக் கார்டில் கட்டுங்கள். ஏழு சதவீதம் என்று வைத்தாலும் அது ஆண்டு முழுவதும் தருவது 6,300 ரூபாய். அதே 90,000க்குக் கார்டில் மாதம் 3,700 போகிறது. மிச்சம் 50,000. இப்போது கட்டும் 7,000உடன், டெலஸ்கோப்புக்கு ஒதுக்க நினைத்த 6,000ஐயும் சேர்த்து மாதம் 13,000 கட்டினால், ஐந்தாவது மாதம் கடன் தீரும். அதுவரை பெட்ரோலுக்குக்கூட அந்தக் கார்டை நீட்டாதீர்கள். பாக்கி நிற்கும்வரை, புதிதாக வாங்குவதற்கும் முதல் நாளிலிருந்தே வட்டி.

ஆர்வத்தை விடச் சொல்லவில்லை. கேமராவின் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் இருபது விநாடியைத் தாண்டினால் விண்மீன்கள் கோடாக இழுபடுகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். 500ஐ லென்ஸின் மி.மீ. அளவால் வகுத்தால், விண்மீன் கோடாகாமல் எடுக்கக்கூடிய விநாடிகள் கிடைக்கும் என்பது ஒரு தோராயக் கணக்கு. 500ஐ 24ஆல் வகுத்தால் வருவதும் ஏறக்குறைய அந்த இருபதுதான். உங்கள் லென்ஸில் குறை இல்லை. பத்து விநாடிப் படங்களாக நூறு எடுத்து, டீப்ஸ்கைஸ்டாக்கர் போன்ற இலவச மென்பொருளில் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்குங்கள். படத்தின் இரைச்சல், அதாவது புள்ளி புள்ளியாகத் தெரியும் மாசு, ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகும். ஸ்மார்ட் டெலஸ்கோப்பும் சிறு சிறு படங்களாக எடுத்துத்தான் அடுக்குகிறது. விண்மீனைத் தானே தேடிப் பின்தொடர்வதும், நெருக்கமாகக் காட்டுவதும் அதில் கூடுதல். பால்வீதியை அகலமாக எடுக்க உங்களுக்கு அவை தேவையில்லை. தேவை இருட்டு. 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியை ஜவ்வாது மலையில் காவலூரில் நிறுவியதே இருட்டுக்காகத்தான். அந்த மலை உங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அமாவாசையை ஒட்டி ஒரு சனிக்கிழமை போய்வர, வாணியம்பாடி வழியாகப் பஸ் டிக்கெட்டும் சாப்பாடும்தான் செலவு.

மைத்துனரிடம், சங்கிலி பீரோவிலேயே இருக்கும் என்று இன்றே சொல்லிவிடுங்கள். ஆறாம் மாதம் கார்டின் ஆட்டோ டெபிட்டை 'குறைந்தபட்சம்' என்பதிலிருந்து 'மொத்தத் தொகை'க்கு மாற்றுங்கள். பிறகு அந்த 13,000ஐ மாதாமாதம் டெபாசிட்டில் போட்டு, முதலில் உடைத்த 90,000ஐ நிரப்புங்கள். ஏழு மாதம் ஆகும். அதன் பிறகும் டெலஸ்கோப் வேண்டும் என்று தோன்றினால், ரொக்கமாக வாங்குங்கள்.