தார்ப்பாயின் நீலம்

அன்புள்ள அக்காவுக்கு,

ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் என்ற ஊரில் ஓர் ஐஸ் பிளாண்ட்டில் கணக்கு எழுதுகிறேன். வயது 25. காலையில் மீன் ஏலம் நடக்கும் இடத்தில் போனில் படம் எடுப்பது என் பழக்கம். அந்தப் படங்களைத் திருத்தவும், கணினியிலேயே ஓவியம் வரையவும் கற்றுக்கொள்ள ஆசை. அண்ணன் தன் பழைய லேப்டாப்பைக் கொடுத்திருக்கிறார். 4 ஜிபி ராம். நண்பன் ஒருவன் பென் டிரைவில் போட்டோஷாப் கொண்டுவந்து ஏற்றிக் கொடுத்தான். பல மாதங்களாக யூடியூப்பில் பாடம் பார்க்கிறேன். பார்க்கும்போது எல்லாம் புரிகிறது. மென்பொருளைத் திறந்தால் எங்கே கை வைப்பது என்றே தெரியவில்லை.

போட்டோஷாப்பையே கற்பதா, இலவச மென்பொருள் போதுமா? படம் திருத்துவதை முதலில் பழகுவதா, ஓவியத்தையா? இரண்டும் வேறு வேறு துறை, இரண்டிலும் கால் வைக்காதே என்கிறார்கள். பேனா டேப்லெட் வாங்கியே ஆக வேண்டுமா?

ஒரு படத்தை இணைத்திருக்கிறேன். ஏலக் கூடத்தை ஒட்டித் தார்ப்பாய் கட்டி, மீனைக் கூறு போட்டு விற்பவர் என் அத்தை. முகம் என்னவோ போல் இருக்கிறது. நிறத்தைச் சூடாக்கினால், அதாவது மஞ்சள், சிவப்புப் பக்கம் நகர்த்தினால், முகம் சரியாகிறது, ஆனால் வெளியே மணல் ஆரஞ்சாகிவிடுகிறது. ஏன் என்று சொல்ல முடியுமா?

பெயர் வேண்டாம்,
மண்டபம்.

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் அடுக்கிய வரிசையில் பதில் சொல்லப்போவதில்லை. கடைசியில் போகிறபோக்கில் கேட்டதுதான் நல்ல கேள்வி. அதைப் பிடித்துக்கொண்டு போனால் மற்றவற்றுக்குப் பாதி பதில் வந்துவிடும்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உங்கள் அத்தை நீலத் தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்திருக்கிறார். அதன் வழியாக வடிந்து வரும் வெயில் நீலமாகத்தான் வரும். நெற்றியில், மூக்குத்தண்டில், சேலையின் வெள்ளைப் பூக்களில், முன்னால் குவித்த சூடை மீனில் என்று எல்லாவற்றின் மேலும் அந்த நீலம் படிந்திருக்கிறது. நேரில் நின்ற உங்களுக்கு அது தெரிந்திருக்காது. கண்ணும் மூளையும் சேர்ந்து சற்று நேரத்தில் நீலத்தைக் கழித்துவிடும். அத்தை அத்தையாகவே தெரிவார். கேமராவுக்கு அத்தையைத் தெரியாது. எது வெள்ளை என்று ஒரு முடிவுக்கு வந்து, அதையே படம் முழுவதற்கும் வைத்துக்கொள்ளும். உங்கள் படத்திலோ இரண்டு வெளிச்சம்: பந்தலுக்குள் நீலம், வெளியே நேர் வெயில். உள்ளே இருக்கும் நீலத்தை முறிக்க நீங்கள் சேர்க்கும் சூடு, நீலமே இல்லாத மணலின் மேலும் போய் விழுகிறது. அதுதான் ஆரஞ்சு.

ஆக, ஒரே படத்துக்கு இரண்டு திருத்தம் வேண்டும். எங்கே கை வைப்பது என்று கேட்டீர்களே, இங்கேதான்.

கிம்ப் என்ற இலவச மென்பொருளில் படத்தைத் திறந்து, முதல் வேலையாக லேயரை (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் தாள் போன்றது) நகல் எடுங்கள். அடியில் இருப்பதைத் தொடவே வேண்டாம். வெளிச்சத்தையும் நிறத்தையும் சரிசெய்யும் லெவல்ஸ் கருவியில் கருப்பு, சாம்பல், வெள்ளை என்று மூன்று சொட்டுக்குழாய்கள் இருக்கும். சாம்பல் குழாயால் சொடுக்கிய இடத்தை நிறமில்லாத சாம்பலாக வைத்துக்கொண்டு, மற்ற நிறங்களை அது திருத்தும். அத்தைக்கு வலப்புறம் மீனுக்கு ஐஸ் போட்டு வைத்த தெர்மாகோல் பெட்டி தெரிகிறது. அது வெள்ளை என்பதில் நமக்குச் சந்தேகம் இல்லை. மேல் லேயரில் நின்றுகொண்டு, சாம்பல் சொட்டுக்குழாயால் பெட்டியின் பக்கவாட்டில், நிழலாக இருக்கும் இடத்தைச் சொடுக்குங்கள். பெட்டியின் மேல் விளிம்பைச் சொடுக்காதீர்கள். அங்கே நேர் வெயில் பட்டு வெளுத்திருக்கிறது. சாதாரண ஜேபெக் படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரைதான் போகும். மூன்றும் 255ஐ முட்டிவிட்ட இடத்தில் நிறம் என்ற தகவலே மிஞ்சாது. (அதனால்தான் நம் பக்கத்து வெயிலில் படம் எடுக்கும்போது வானத்தையும் மணலையும் வெளுக்கவிடாமல் கொஞ்சம் இருட்டாக எடுக்கச் சொல்கிறேன். இருட்டில் ஒளிந்திருப்பதை ஓரளவு வெளியே இழுக்கலாம். வெளுத்தது போனது போனதுதான்.)

சொடுக்கியதும் முகத்தின் நிறம் திரும்பும். மணல் ஆரஞ்சாகும். ஆகட்டும்.

இப்போது அந்த மேல் லேயருக்கு முழுக் கருப்பாக ஒரு மாஸ்க் சேருங்கள். திருத்தியதெல்லாம் காணாமல் போகும். பயப்பட வேண்டாம், மாஸ்க்குக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது. படகில் பதிவெண் எழுதத் தகடு வெட்டி வைத்து மேலே பெயின்ட் அடிப்பார்களே, மாஸ்க் செய்வதும் அதைத்தான். ஆனால் இந்தத் தகட்டை அரைகுறையாகவும் வெட்டலாம். மாஸ்க்கில் வெள்ளை பூசிய இடத்தில் திருத்தம் முழுதாகத் தெரியும், கருப்பில் தெரியாது, சாம்பலில் பாதி தெரியும். பிரஷ்ஷை எடுத்து, ஓரம் மென்மையாக, அடர்த்தி 30 சதவீதம் வைத்துக்கொண்டு, வெள்ளையால் அத்தையின் மேல் பூசத் தொடங்குங்கள்.

நெற்றியில் இரண்டு மூன்று முறை போனால் சரியாக வரும். தாடைக்குக் கீழே வந்ததும் நிறுத்திப் பாருங்கள். வெளியே மணலில் பட்டுத் தெறித்த வெயில் தாடையின் அடியில் ஏறியிருக்கிறது, அங்கே நீலம் ஏற்கெனவே குறைவு. நெற்றிக்குப் பூசிய அளவு அங்கேயும் பூசினால் கழுத்து சிவந்துபோகும். இடது தோளில் பாதி பந்தலுக்கு வெளியே இருக்கிறது; அங்கே பிரஷ் மெல்ல மங்க வேண்டும். தரையிலோ தார்ப்பாய் நிழல் ஒரே கோடாக முடிகிறது. அங்கே மென்மையான பிரஷ் உதவாது. ஓரம் கூர்மையானதை எடுத்து, கோட்டை ஒட்டி இழுக்க வேண்டும். தாண்டிவிட்டால் கருப்பால் பூசுங்கள், திரும்பிவிடும்.

தம்பி, இந்த இடத்தில் நீங்கள் செய்துகொண்டிருப்பது என்ன? ஒளி எங்கே விழுகிறது, எங்கே மெல்லக் கரைகிறது, எங்கே சட்டென்று முடிகிறது என்று உற்றுப் பார்த்து, அதற்கேற்ப பிரஷ்ஷின் அளவையும் ஓரத்தையும் அடர்த்தியையும் மாற்றி மாற்றிப் பூசுகிறீர்கள். ஓவியம் வரைகிறவனும் இதைத்தான் செய்கிறான். கல்யாண ஆல்பம் திருத்துகிறவரும் கணினி விளையாட்டுக்குப் பின்னணி வரைகிறவரும் வேறு வேறு வேலை பார்க்கிறார்கள் என்றால் ஒப்புக்கொள்கிறேன். கற்பவனுக்கு அந்தப் பிரிவினை தேவையில்லை. புகைப்படத்திலிருந்து ஓவியத்துக்குப் போகும் வாசல் மாஸ்க்தான். அங்கே நின்று பழகினால் இரண்டு பக்கமும் போய்வரலாம். வீடியோ பார்த்து ஏன் எதுவும் நிற்கவில்லை என்பதற்கும் காரணம் இதுவே என்று நினைக்கிறேன். அவர்கள் கருவியைக் காட்டுகிறார்கள். எந்த இடத்தில் நிறுத்துவது என்பதை உங்கள் அத்தையின் தாடையைப் பார்த்தால்தான் தெரியும்.

மென்பொருள் பற்றி. நண்பன் ஏற்றிக் கொடுத்ததை முதலில் நீக்குங்கள். திருட்டுப் பிரதி என்பது ஒரு பக்கம். பென் டிரைவில் கைமாறி வரும் இத்தகைய பிரதிகளோடு வேறு என்னென்ன ஏறியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. நீங்கள் கணக்கு எழுதுகிறவர், அந்த லேப்டாப்பில் கம்பெனிக் கணக்கும் இருக்கக்கூடும். போட்டோஷாப் நல்ல மென்பொருள், மறுக்கவில்லை. 2013 முதல் புதிய பதிப்புகள் சந்தாவுக்குத்தான் கிடைக்கின்றன. அதில் வேலை கிடைத்துச் சம்பளம் வரும்போது சந்தா கட்டலாம். அதுவரை படம் திருத்த கிம்ப், வரைவதற்குக் கிரிட்டா. இரண்டுமே இலவசம், சட்டப்படி இலவசம். கிம்ப் 1996லிருந்து வருகிறது. 2025இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து பல வடிகட்டிகளை (ஃபில்டர்களை) போட்ட பிறகும் திறந்து மாற்றிக்கொள்ள முடிகிறது. போட்டோஷாப் பாடங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு கிம்ப் அந்நியமாகத் தெரிந்தால், போட்டோபியா என்று ஒன்று பிரவுசரிலேயே ஓடும். பொத்தான்கள் ஏறக்குறைய அதே இடத்தில் இருக்கும், பார்த்த வீடியோக்கள் வீணாகாது. எதை எடுத்தாலும் லெவல்ஸ், லேயர், மாஸ்க், பிரஷ் நான்கும் இருக்கும். மெனுவில் இருக்கும் மற்ற நூற்றுக்கணக்கானவற்றை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். 1990இல் வந்த முதல் போட்டோஷாப்பில் லேயரே கிடையாது, 1994இல்தான் வந்தது. அதற்கு முன்பும் ஆட்கள் அதில் நல்ல வேலை செய்திருக்கிறார்கள்.

4 ஜிபி ராம் போதும், ஆசையைக் கட்டுக்குள் வைத்தால். 4000க்கு 3000 பிக்சல் உள்ள போன் படம் ஒன்று, லேயர் ஒன்றுக்கு மிகக் குறைந்தது 48 எம்பி நினைவகத்தைப் பிடிக்கும். ஐந்தாறு லேயர் தாங்கும். நாற்பது போட்டால் மவுஸ் நகராது. பயிற்சிக்கு 2000க்கு 1500 என்று சுருக்கிக்கொண்டால் நிம்மதி. 6க்கு 4 அங்குலப் பிரின்ட்டுக்கு 1800க்கு 1200 பிக்சலே தாராளம்.

பேனா டேப்லெட் இப்போது வேண்டாம். மேலே சொன்ன மாஸ்க் வேலைக்கு மவுஸ் போதும். கோடு இழுக்கத் தொடங்கி, மவுஸ் கையைக் கட்டிப்போடுகிறது என்று எரிச்சல் வரும்போது வாங்குங்கள். திரை இல்லாத சிறியது, சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். பெட்டியில் 8192 அழுத்த நிலைகள் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்து மயங்க வேண்டாம், அத்தனை நுட்பமாக அழுத்தும் கை யாருக்கும் கிடையாது. மாட்டியவுடன் ஒன்று மட்டும் செய்யுங்கள்: டேப்லெட்டின் நீள அகல விகிதமும் திரையின் விகிதமும் பொருந்தும்படி அமைப்பில் சரிசெய்யுங்கள். இதைச் செய்யாமல், வட்டம் போட்டால் முட்டையாக வருகிறதே, எனக்குக் கை வராது போலிருக்கிறது என்று விட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு.

வரைவதற்கு வருவோம். முதலில் நிறமே வேண்டாம். உங்கள் படங்களில் கரையில் ஏற்றி வைத்த வல்லம் (நாட்டுப் படகு) ஏதாவது இருக்கும். கண்ணைச் சுருக்கிக்கொண்டு அதைப் பாருங்கள். நுணுக்கமெல்லாம் மறைந்து இருட்டு, நடுத்தரம், வெளிச்சம் என்று மூன்று திட்டுகளாக நிற்கும். கிரிட்டாவில் மூன்றே மூன்று சாம்பல் நிறங்களை எடுத்துக்கொண்டு, பெரிய பிரஷ்ஷால் அந்தத் திட்டுகளை மட்டும் போடுங்கள். அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், எழுதிய பெயர் வேண்டாம், கயிறு வேண்டாம். தூரத்திலிருந்து பார்த்தால் வல்லம் என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

நிறத்துக்கு வரும்போது நம் கடலையே எடுங்கள். புதிதாக வரைகிறவர் கடல் என்றதும் வண்ணத் தட்டில் உள்ள நீலத்தை எடுத்து அப்பிவிடுவார். தனுஷ்கோடியில் பெண் கடலையும் (அமைதியான பாக் நீரிணைப் பக்கம்) ஆண் கடலையும் (அலையடிக்கும் மன்னார் வளைகுடாப் பக்கம்) ஒரே நாளில், ஒரே நேரத்தில் படமெடுத்து, சொட்டுக்குழாயால் அங்கங்கே தொட்டுப் பாருங்கள். ஆழமில்லாத பக்கம் சாம்பல் கலந்த பச்சையாக வரும், அலை மடியும் இடம் கிட்டத்தட்ட மணல் நிறத்துக்கே போகும். மணலில் விழும் உங்கள் நிழலையும் தொடுங்கள். கருப்பு வராது, நீலம் ஏறிய சாம்பல்தான் வரும். வெயில் மறைந்த இடத்துக்கு வானத்திலிருந்து மட்டும் வெளிச்சம் வருகிறது. சொட்டுக்குழாயை விடை பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஊகித்துக் கலந்துவிட்டுப் பிறகு தொட்டுப் பார்ப்பதுதான் பயிற்சி. தொட்டு எடுத்துப் பூசிக்கொண்டே போனால் கண் எதையும் கற்காது.

ஒளியும் நிழலும் இல்லாமல் ஓவியமே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, உங்களுக்குப் பக்கத்திலேயே. ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி ராமநாதபுரம் அரண்மனைக்குப் போய், ராமலிங்க விலாசத்தின் சுவர்களைப் பாருங்கள். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ராமநாதபுரத்தை ஆண்ட முத்து விஜயரகுநாத சேதுபதி காலத்தில் வரைந்தவை. தஞ்சை மராட்டியரோடு நடந்த போரும், ஐரோப்பியர் வந்து சேதுபதியைப் பார்ப்பதும், ராமாயணமும் அங்கே சுவர் நிறைய இருக்கின்றன. உருவத்தைச் சுற்றித் தெளிவான கோடு, உள்ளே தட்டையாக நிரப்பிய வண்ணம். நிழல் என்ற பேச்சே கிடையாது, ஆனாலும் கூட்டத்தில் யார் மன்னர் என்று ஒரு நொடி தயங்க வேண்டியிருக்காது. நோட்டும் பென்சிலும் கொண்டுபோய் ஒரே ஓர் உருவத்தின் கோட்டை மட்டும் எடுத்து வாருங்கள். வீட்டில் கிரிட்டாவில் கோட்டுக்கு ஒரு லேயர், அதற்குக் கீழே வண்ணத்துக்கு ஒரு லேயர். கோட்டில் இடைவெளி விட்டிருந்தால் நிரப்பும் கருவியைச் சொடுக்கியதும் வண்ணம் பக்கம் முழுவதும் ஓடிவிடும். எங்கே கோட்டை மூடாமல் விட்டீர்கள் என்பதை அதுவே காட்டிக்கொடுக்கும்.

சேமிக்கும் விஷயம் ஒன்று பாக்கி. ஜேபெக்கில் சேமித்தால் லேயர்கள் எல்லாம் ஒன்றாக ஒட்டிப்போகும். மறுபடி திறந்து திருத்திச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் தரம் கொஞ்சம் குறையும். வேலை நடக்கும்வரை கிம்ப்பின் சொந்தக் கோப்பு வகையிலேயே வைத்திருங்கள்; வாட்ஸ்அப்பில் அத்தைக்கு அனுப்பும்போது மட்டும் ஜேபெக்காக ஒரு பிரதி எடுத்தால் போதும்.

அத்தையின் படத்தை முடித்ததும் எனக்கும் அனுப்புங்கள். ஜேபெக் வேண்டாம், லேயர்களோடு முழுக் கோப்பையும் கூகுள் டிரைவில் போட்டு அனுப்புங்கள். எனக்கு மாஸ்க்கைத் தனியாகத் திறந்து பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அக்கா